எல்லாவற்றுக்கும் கை தூக்கிய ஊர்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு 'மாட்டேன்' என்று சொல்ல வராது. கேட்டதெல்லாம் தருவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டவர் முகம் வாடக் கூடாது, அவ்வளவுதான். ஒரே நாளில் நாலு கல்யாணம் என்றால் நாலு வீட்டாரிடமும் வருகிறேன் என்பார்கள். நாலுக்கும் போய், நாலு பந்தியிலும் உட்கார்ந்து, நாலு இடத்திலும் பாயசம் குடித்துவிட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டே முந்தின நாள் கல்யாணம் முடிந்த ஐந்தாவது வீட்டில் பந்தல் பிரிக்கும்போதும் தலையைக் காட்டுவார்கள். இந்தக் குணத்தால் ஒரு கிராம சபைக் கூட்டமே முட்டி நின்றது. என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷப்பட்ட நாட்களில் அதுவும் ஒன்று.

ஊர், புதுக்கடை சந்திப்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஓர் ஓடையின் இரண்டு பக்கமும் கிடக்கிறது. ஓடையை நாங்கள் தோடு என்போம். தோட்டுக்கு அந்தப் பக்கம் தார்ச்சாலை, பேருந்து, கடைகள். இந்தப் பக்கம் எங்கள் வீடுகள், குளம், அங்கன்வாடி, அதன் முன்னால் பிள்ளைகள் கபடி விளையாடும் திடல். இரண்டு தென்னந்தடிகளைச் சேர்த்துப் போட்டு, பிடித்துக்கொள்ள ஒரு மூங்கிலைக் கட்டியதுதான் பாலம். ரப்பர் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு மண்பாதையும் உண்டு. அதில் ஜீப் வரும், பைக் வரும். என் அக்காவின் மூன்று சக்கர ஸ்கூட்டர் வந்தால் குடை சாய்ந்துவிடும்.

அக்காவுக்குச் சிறுவயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தில் இரண்டு கால்களும் வலுவிழந்துவிட்டன. இரண்டு கட்டைகளை ஊன்றித்தான் நடப்பாள். ஆனால் புதுக்கடையில் அவள் வைத்திருக்கும் தையல் கடையில் போய்ப் பாருங்கள். அங்கே அவள்தான் ராணி. கல்யாணப் பெண்கள் ஜாக்கெட் துணியோடு வரிசையில் காத்திருப்பார்கள். அளவு எடுக்கும்போதே ஊர்க்கதை, மாமியார் கதை, குருமாவுக்கு எத்தனை தேங்காய் என்பது எல்லாம் பேசி முடித்துவிடுவாள். கத்திரிக்கோலைவிட நாக்கு கூர்மை. எனக்கு நான்கு வயது மூத்தவள், நான் இன்றைக்கும் அவளுக்குப் பயப்படுகிறேன்.

அரசாங்கம் கொடுத்த அந்த ஸ்கூட்டர் ஒருநாளும் எங்கள் வீட்டைப் பார்த்ததில்லை. தோட்டின் அக்கரையில் ஒரு வீட்டுக்காரரின் கொட்டகையில்தான் அதற்கு வாசம். காலையில் அக்கா தடிப்பாலத்தைக் கடந்து போய் அதை எடுப்பாள், சாயங்காலம் விட்டுவிட்டு வருவாள். கொட்டகைக்காரரின் கோழி ஒன்று அதன் முன்கூடையில் முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்துவிட்டது. கோழியை எழுப்ப மனமில்லாமல் அக்கா அந்த மாதம் முழுக்க ஆட்டோவில் போனாள். குஞ்சு பொரித்த பிறகும் கோழி இரவில் அந்தக் கூடையிலேயே அடைந்தது. "பகல்ல எனக்கு வண்டி, ராத்திரி கோழிக்கு வீடு. சர்க்காரு ரெண்டு பேருக்குமா சேத்துல்லா தந்திருக்கு" என்பாள்.

அந்த வருட மழையில் தென்னந்தடி ஒன்று உளுத்து, ஒடிந்து, தண்ணீரோடு போய்விட்டது. மிஞ்சிய ஒற்றைத் தடியில் கட்டைகளை ஊன்றி நடக்க யாரால் முடியும்? வெள்ளம் முழங்காலுக்குள் இருக்கும் நாட்களில் நான் அக்காவை முதுகில் சுமந்து தோட்டைக் கடந்தேன். வெள்ளம் கூடிய நாட்களில் கடை பூட்டிக் கிடந்தது. நான் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன், மொட்டை மாடிகளுக்கு எவ்வளவோ பாரம் சுமந்திருக்கிறேன். அக்கா ஒன்றும் பெரிய பாரம் இல்லை. ஆனால் ஒரு சாயங்காலம் கரையேறியதும் அவள் சொன்னாள்.

"லேய் மக்கா, ஒனக்கு முதுகு போவுது, எனக்கு மானம் போவுது. வார மாசம் கடைய ஒழிஞ்சு குடுத்திருவேன். வீட்டுல இருந்தே தைக்கலாம், கேட்டியா."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று அவள் அறையில் எப்போதும் கேட்கும் பாட்டுச் சத்தம் கேட்கவில்லை. அந்தக் கடையை எடுத்துவிட்டால் என் அக்காவிடம் மிச்சம் இருக்கப்போவது என்ன?

அந்தச் சமயத்தில்தான் பஞ்சாயத்துத் தலைவர், இந்த வருடம் கையிலிருக்கும் நிதியில் எங்கள் பகுதிக்கு ஒரு பெரிய வேலைதான் செய்ய முடியும், அது எது என்பதைக் கிராம சபையில் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று அறிவித்தார். தலைவர் ஒரு பெண், அதிகம் பேசமாட்டார், பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. ஊரில் மூன்று கோரிக்கைகள் இருந்தன. எங்களுக்குத் தோட்டின் குறுக்கே வண்டி போகிற கான்கிரீட் பாலம். பெண்களுக்கு இடிந்து கிடக்கும் குளத்துப் படித்துறை. கபடி விளையாடும் பையன்களுக்குத் திடலில் ஹைமாஸ் விளக்கு.

படித்துறைக்கு முன்நின்றவர் நூறு நாள் வேலையில் பெண்களை மேற்பார்க்கும் ஓர் அம்மாள். அவர் ஒரு குரல் கொடுத்தால் குளத்தின் மறுகரையில் தவளை வாயை மூடும். அவருக்கும் என் அக்காவுக்கும் ஏழாம் பொருத்தம். காரணம் ஒரு ஜாக்கெட். கை இறுக்கமாகத் தைத்துக் கெடுத்துவிட்டாள் என்று அவர் பேருந்து நிறுத்தத்தில் சொல்ல, அளவெடுத்த பிறகு சதை வைத்தால் அதற்கு நானா பொறுப்பு என்று அக்கா கடையில் சொல்ல, இரண்டு பேச்சும் இரண்டு பேருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அதன்பிறகு அந்த அம்மாள் துணி தைக்க மார்த்தாண்டத்துக்குப் பேருந்து ஏறினார்.

நான் சும்மா இருப்பேனா? வீடு வீடாகப் போனேன். போன வீடெல்லாம் சாயா. "அக்காவுக்குள்ள காரியமாக்கும்! நாங்க உண்டு அண்ணாச்சி, நீங்க தைரியமா போங்க" என்றார்கள். வயிறு நிறையச் சாயாவும் மனசு நிறைய நம்பிக்கையுமாகத் திரும்பினேன். எனக்கு முன்னால் படித்துறைக்காரர்களும் எனக்குப் பின்னால் கபடிப் பையன்களும் அதே வீடுகளில் அதே சாயாவைக் குடித்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில் எங்கள் அறுப்புப் பண்டிகை ஏலத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. வருடத்துக்கொரு முறை எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் அறுவடைக்கு நன்றி சொல்லி அவரவர் விளைச்சலைக் கொண்டுவந்து வைப்பார்கள். சக்கை என்று நாங்கள் சொல்லும் பலாப்பழம், வாழைக்குலை, மரச்சீனி, சேவல் எல்லாம் வந்து குவியும். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். கோயிலுக்கு வராத வேற்று மதத்துக்காரர்களும் ஏலத்துக்குத் தவறாமல் வந்துவிடுவார்கள், அவ்வளவு கூத்து. அதில் எழுதாத சட்டங்கள் இரண்டு. யார் வீட்டுப் பொருள் ஏலத்துக்கு வந்தாலும் கை தூக்க வேண்டும், ஒருவன் கொண்டுவந்த பூசணிக்காய் கேட்பாரில்லாமல் கிடந்தால் அது அந்த வீட்டுக்கே அவமானம். ஏலம் எடுத்தவர், விரும்பினால், எடுத்த பொருளை அங்கேயே திருப்பிக் கொடுக்கலாம். அது மறு ஏலத்துக்கு வரும். அப்படிக் கொடுப்பவருக்குக் கைதட்டு. ஒருமுறை ஒரு சேவலை ஆளாளுக்கு எடுத்து ஆளாளுக்குத் திருப்பிக் கொடுத்ததில் அது தூக்கித் தூக்கிக் காட்டப்பட்டே களைத்துப்போய், கடைசியில் போதகர் வீட்டுத் தென்னையடியில் படுத்துத் தூங்கியது. அதை யாரும் குழம்பு வைக்கவில்லை.

கிராம சபை அங்கன்வாடித் திடலில் கூடியது. முந்தின நாள் மழையில் மண் ஊறிக் கிடந்தது. வழக்கமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பருப்புவடையை எடுத்துக்கொண்டு, செயலர் வரவு செலவு வாசிக்கத் தொடங்கும்போது ஆள் கரைந்துவிடும். அன்று யாரும் நகரவில்லை. செயலர் மதுரைப் பக்கத்துக்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர். எங்கள் பேச்சு அவருக்குப் பாதி புரியும், மீதியைப் புன்னகையால் சமாளிப்பார். குடிதண்ணீர் மோட்டாருக்கு மறுபடியும் பழுதுபார்ப்புச் செலவு என்று அவர் வாசித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன். "சாரே, அதே மோட்டார எத்தன வாட்டி வைண்டிங் செய்வீரு? நான் வந்து பாக்கேன், ஒத்த பைசா வேண்டாம்" என்றேன். அதையும் ஒரு தீர்மானமாக எழுதிக்கொண்டார்கள். அக்கா கூட்டத்தின் நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டைகளை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, "வாய் வச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்டான்" என்று பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு விஷயத்துக்கு வந்தார்கள்.

"குளத்துப் படித்துறைதான் முதல்ல வேணுங்கறவங்க கை தூக்குங்க" என்றார் செயலர். திடலில் இருந்த அத்தனை கையும் எழுந்தது. போயிற்று, எல்லாம் போயிற்று.

"ஹைமாஸ் விளக்கு வேணுங்கறவங்க?" மறுபடியும் அத்தனை கை. கபடிப் பையன்கள் விசிலடித்தார்கள்.

"பாலம்?" அத்தனை கை. சிலர் இரண்டு கையையும் தூக்கியிருந்தார்கள்.

செயலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார். "ஏங்க, எது வேணும்னு கேட்டா எல்லாம் வேணும்னு சொன்னீங்கன்னா, நான் மேலே என்னன்னு எழுதி அனுப்புறது?"

"ஒரு தரம், ரெண்டு தரம் சொல்லும் சாரே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. திடலே சிரித்தது. செயலருக்கு மட்டும் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முன்னால் நின்ற பக்கத்து வீட்டுக்காரரின் தோளைத் தட்டினேன். "வேய், நீரு எதுக்கு லைட்டுக்குக் கை தூக்குனீரு?"

"அந்தப் பிள்ளையளு வீடு தேடி வந்து கேட்டுதுவ. தூக்கேல்லன்னா அதுவளுக்கு மனசு சங்கடப்படாதா?" என்றார் அவர், தப்பு என்மேல் என்பதுபோல. அவரை விட்டேன், அக்காவே மூன்றுக்கும் கை தூக்கியிருந்தாள். அருகில் போய்ப் பல்லைக் கடித்தேன்.

"படி ஒடஞ்சுல்லா கெடக்கு? இல்லன்னு சொல்லச் சொல்லுகியா? போலே அங்கோட்டு" என்றாள்.

தலைவர் எழுந்தார். "கைய நம்ப முடியாது சாரே. இனி காலு சொல்லட்டும். ஒரு ஆளு ஒரே நேரத்துல மூணு எடத்துல நிக்க முடியாதுல்லா" என்றார். பாலம் வேண்டும் என்பவர்கள் மாமரத்தடியில், படித்துறை என்பவர்கள் அங்கன்வாடிச் சுவரோரம், விளக்கு என்பவர்கள் கொடிக்கம்பத்தின் கீழ் என்று இடம் பிரித்துக் கொடுத்தார்.

நான் முதல் ஆளாக மாமரத்தடிக்கு ஓடினேன். கூட்டம் பிரிந்தது. தகப்பன் ஒருபக்கம், மகன் கொடிக்கம்பத்துப் பக்கம். என் மனைவி எனக்கு எதிரே, அங்கன்வாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள்! இரவு என் சோற்றை உண்டு... சரி, சோறு பொங்கியவளும் அவள்தான். போன வருடம் அந்தப் படியில் வழுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டிருந்தவள், நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் என் கண்ணுக்கு நியாயம் தெரியவில்லை. எண்ணிப் பார்க்கவே வேண்டாம், சுவரோரம்தான் கூட்டம் அதிகம். நூறு நாள் வேலைப் பெண்கள் மொத்தமாக அங்கே நின்றார்கள். மாமரத்தடியில் நாங்கள் கொஞ்சம் பேர். அக்காவின் கடையைப் பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் காட்சி என் கண்முன் வந்தது.

மூன்று கூட்டத்துக்கும் நடுவில், காலியான திடலில், அக்கா மட்டும் அவள் நாற்காலியில் அப்படியே இருந்தாள்.

"அம்மா, நீங்க எந்தப் பக்கம்? போய் நின்னாத்தானே நான் கணக்குல சேர்க்க முடியும்?" என்றார் செயலர்.

அக்கா ஊறிக் கிடந்த மண்ணைப் பார்த்தாள். ஒரு கட்டையை ஊன்றிக் காட்டினாள். அது புதைந்தது. "நெனச்ச எடத்துக்கு எழும்பிப் போயி நிக்க முடிஞ்சா, நான் எதுக்கு சாரே பாலம் கேக்கேன்?" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள், சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள். எல்லாரும் கூடச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நான் அக்காவை நோக்கிப் போகலாமா, இருந்த இடத்தை விட்டால் ஒரு ஓட்டு குறையுமா என்று தெரியாமல் மாமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது படித்துறை அம்மாள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"சாரே, படிக்கு ஆளு கூடுதல்தானே? நாங்க செயிச்சாச்சுல்லா?"

"ஆமாம்மா. படித்துறைதான்."

"உறுதிதானே? பொறவு மாத்திப் பறையப்பிடாது."

"உறுதிம்மா."

"அப்போ அது எங்க மொதலு." அவர் தம் பெண்கள் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவர்கள் என்ன புரிந்துகொண்டார்களோ, தலையை ஆட்டினார்கள். "நாங்க எடுத்தத மறு ஏலத்துக்கு விடுதோம்!"

திடல் அதிர்ந்தது. அறுப்புப் பண்டிகையில்கூட அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை. "யாராவது கேக்கியளா? இல்லன்னா நானே கேக்கேன். பாலத்துக்கு!" என்று சொல்லிக்கொண்டே அவர் நடந்தார். மாமரத்தடிக்கு வரவில்லை. நேராக அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். அவர் பெண்களும், என் மனைவியும் பின்னாலேயே வந்து நின்றார்கள். மாமரத்தடியில் இனி எங்களுக்கு என்ன வேலை? நாங்களும் ஓடினோம். கடைசியாகக் கபடிப் பையன்கள், "பகல்லயும் விளையாடலாம், வெளிச்சத்துக்கு சூரியன் இருக்குல்லா" என்று சொல்லிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். அக்கா எங்கேயும் போகவில்லை. அவள் இருந்த இடத்துக்கு ஊர் வந்தது.

படித்துறை அம்மாள் குனிந்து அக்காவின் காதில் சொன்னார். அவருக்குக் காதில் சொன்னாலும் திடலுக்கே கேட்கும். "ரொம்பச் சந்தோசப்படாண்டாம். அந்த ஜாக்கெட்டு கை இப்பவும் இறுக்கந்தான்."

"கொண்டு வா மைனி. பிரிச்சுத் தாறேன்" என்றாள் அக்கா. அவள் வாழ்நாளில் தையலில் ஒரு குறையை ஒப்புக்கொண்டது அன்றுதான்.

செயலர் பாவம், பேனாவைப் பிடித்தபடி நின்றார். "மறு ஏலம்னு தீர்மானத்துல எழுத இடமில்லீங்களே."

"முதல் வேலை பாலம், ரெண்டாவது படித்துறை, மூணாவது விளக்கு. ஏகமனதாகன்னு எழுதும்" என்றார் தலைவர்.

நான் அழுதேன். சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. மீதி இருந்த பருப்புவடை முழுவதையும் நானே தட்டோடு வாங்கி எல்லாருக்கும் கொடுத்தேன். என் மனைவி ஒரு வடையை எடுத்துக்கொண்டு, "என்ன அப்பிடிப் பாக்குதியோ? அடுத்த வருசமும் நான் அந்தச் சுவரு பக்கந்தான் நிப்பேன்" என்று எச்சரித்துவிட்டுப் போனாள்.

பாலம் வேலை நடந்த நாட்களில் கொத்தனாருக்கு நிம்மதி இல்லை. அந்த வழியே போன ஒவ்வொருவரும் நின்று சிமெண்டு போதுமா, கம்பி போதுமா, மணலில் சேறு இருக்கிறதா என்று கேட்டார்கள். "இது என்ன, உங்க வீட்டுத் தளமா?" என்று அவர் ஒருநாள் சலித்துக்கொண்டார். "பின்ன? நாங்க ஏலம் எடுத்ததாக்கும்" என்று ஒரு பெண் சொல்லிவிட்டுக் குடத்தோடு போனாள்.

தளம் இறுகி, பலகைகளைப் பிரித்த பிறகு, ஒரு சாயங்காலம் அக்கா ஸ்கூட்டரில் தோட்டைக் கடந்து வீட்டு நடைவரை வந்தாள். வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். "வாசல் இவ்வளவு கிட்டவா லேய் இருக்கு?" என்றாள். மறுநாள் கொட்டகைக்காரரின் கோழி பாலத்தைக் கடந்து வந்து எங்கள் வீட்டில் முன்கூடையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டு தடவை கொண்டுபோய் விட்டோம், திரும்பி வந்துவிட்டது. இப்போது முட்டையைப் பங்கு வைத்துக்கொள்கிறோம்.

அடுத்த வருடம் நிதி ஒதுக்கக் கிராம சபை கூடியபோது புதிய கோரிக்கைகள் கிளம்பியிருந்தன. சுடுகாட்டுக்குச் சுற்றுச்சுவர், ரப்பர் தோட்டத்துப் பாதைக்குத் தார், அவற்றோடு போன வருடம் கேட்ட அதே விளக்கு. போன வருடத் தீர்மானத்தில் படித்துறை இரண்டாவது என்று எழுதியிருந்தாலும், மறுபடியும் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றார் செயலர். படித்துறை அம்மாளின் முகம் கொஞ்சம் வாடியிருந்தது. செயலர் இப்போது எங்களைப் படித்துவிட்டார். "கையெல்லாம் வேண்டாம். நேரா போய் நில்லுங்க" என்று சொல்லி இடங்களைப் பிரித்தார். யாருக்கும் முதலில் நகரத் தயக்கம், யார் முகம் வாடுமோ என்று.

திடலின் ஓரத்திலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. கூட்டம் விலகி வழிவிட்டது. அக்காவின் ஸ்கூட்டர், கூடையில் கோழியோடு, திடலின் நடுவே புகுந்து, எங்கேயும் நிற்காமல் நேராக அங்கன்வாடிச் சுவரோரம் போய்த் திரும்பி நின்றது. அந்தப் பக்கத்தில் அப்போது வேறு யாருமே இல்லை. அவள் எஞ்சினை அணைத்தாள்.

"படித்துறைன்னு எழுதும் சாரே" என்றாள். "மொத ஆளா நான் வந்து நின்னாச்சு."